கார்த்திகை மழையும் உன் ஊர்ப் பனியும்

மீனாட்சிபுரம்,
திருநெல்வேலி.
கார்த்திகை 14

அன்புள்ள கோமதி,

இங்கு அனைவரும் நலம். அங்கு மாண்ட்ரியலில் நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டவுண் மதினிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ஊசியில் நூல் கோத்துக் காட்டுகிறாள். பெரியம்மைக்கு இடுப்பு வலி குறையவில்லை.

எழுத வேண்டிய செய்தி ஒன்றுதான். இந்த வீட்டை விட்டுப் பெருமாள்புரத்துக்குக் குடிபோவது என்று தம்பியும் என் மகனும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். தை பிறந்ததும் பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாமிரபரணி ஆற்றங்கரையில் இனியும் இருக்க வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. முதலில் மறுத்தேன், போன வாரம் சம்மதித்துவிட்டேன். சம்மதித்த அதே வாரத்தில் உன் கடிதம் வந்தது. பனி பிடிக்கிறது, ஆனால் பனிக்காலம் பிடிக்கவில்லை, இப்படி ஒருத்தி சொல்வது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். அண்ணன் உன்னைக் கேலி செய்கிறாராம். ஒன்று முழுவதும் பிடிக்க வேண்டும், அல்லது முழுவதும் விட வேண்டும் என்கிறாராம். அவரிடம் சொல், நியாயம்தான் என்று நான் எழுதியிருப்பதாக.

ஐப்பசி பிறந்து கொண்டல் காற்று தொடங்கியதுமே எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் வெந்து, ஆடிக் காற்றில் கண்ணில் மண் விழுந்து, புரட்டாசிப் புழுக்கத்தில் தூக்கம் கெட்டுக் காத்திருக்கும் சீமைக்கு மழை என்றால் என்ன என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவமழை பொதிகைக்கு அந்தப் புறம் கொட்டித் தீர்த்துவிட்டு, தென்காசி, குற்றாலம் பக்கம் சாரலாக எட்டிப் பார்ப்பதோடு சரி. டவுணுக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுதான். நமக்கு என்று வருகிற மழை வங்கக் கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை. அது கிழக்கேயிருந்து வந்து மலையில் முட்டி, மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கிலும் ஊத்திலும் பொழிகிற பொழிவில்தான் பாபநாசம் அணையும் மணிமுத்தாறும் நிறைந்து பிசான நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்கிறது. உன் அப்பா காலையில் தினசரியைப் பிரித்தால் தலைப்புச் செய்தியைத் தள்ளிவிட்டு அணை நிலவரத்தைத்தானே முதலில் தேடுவார்? பாபநாசம் 143 அடியில் 130-ஐத் தாண்டிய அன்றைக்கு அவரிடம் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருந்தவள் நீ. அந்தச் சிவப்புக்கல் கம்மல் எந்த வருஷத்து வெள்ளத்தில் வந்தது என்பதை அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லையென்றால் நானும் சொல்லமாட்டேன்.

நேற்று மத்தியானம் பெய்த மழையை மட்டும் உனக்கு எழுதுகிறேன். புறவாசல் முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகியது. ஆற்றுப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, தகரக் கூரை, மாடித் தளம், தென்னை ஓலை என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு சத்தமாக மாறிக்கொண்டே எங்கள் தெருவுக்குள் வந்தது. எங்கள் ஓட்டின் மீது விழுந்ததும் தார்சாவில் பேசிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். தாழ்வாரத்துத் தகரக் குழாயிலிருந்து முதலில் ஓட்டுத் தூசியோடு செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. சற்று நேரத்தில் அது வெளுத்து, கண்ணாடியாகத் தெளிந்த பிறகு, அம்மா செய்வதைப் போலவே செப்புக் குடத்தைக் கொண்டுபோய் அடியில் வைத்தேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வெந்த பக்குவம் குழாய்த் தண்ணீரில் வராது. இரவு சொதி வைத்தோம். இந்தச் சந்தோஷத்துக்கு நான் யாருக்கும் சமாதானம் சொல்லத் தேவையில்லை.

அதே மழையில் எனக்குப் பிடிக்காதவையும் கொஞ்சமல்ல. துவைத்த சேலை பட்டாசலில் குறுக்குக் கயிறு கட்டி மின்விசிறிக்கு அடியில் போட்டாலும் இரண்டு நாள் காய்வதில்லை. மூன்றாம் நாள் ஒரு புளித்த வாடையோடுதான் உடுத்த வேண்டியிருக்கிறது. உப்பு ஜாடியில் நீர் கசிகிறது. அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமத்துப்போகிறது. பாத்திரம் கழுவும் அங்கணத்தில் மரவட்டை, கட்டிலுக்கு அடியில் பூரான். நாலு தூறல் விழுந்தால் மின்சாரம் போகிறது. ஆட்டோக்காரர் இரட்டைக் கூலி கேட்கிறார், அதுவும் தெருமுனை வரைக்கும்தான். புறவாசல் கல்லில் படிந்த பாசியில்தான் பெரியம்மை வழுக்கி விழுந்தாள் என்பது உனக்குத் தெரியும். உன் பட்டியலும் இதற்குச் சளைத்ததல்ல. ஒரு காய்கறி வாங்கப் போவதற்கு மூன்று அடுக்கு உடுப்பு, விடியுமுன் வாசலில் மண்வெட்டி, காலணியில் படிகிற உப்புக் கறை, பனி அள்ளும் வண்டி வருகிறது என்று சங்கு ஊதினால் ஓடிப்போய்க் காரை நகர்த்த வேண்டிய அவசரம், மார்கழியில் மாலை நாலே காலுக்கெல்லாம் இருட்டு. படிக்கும்போதே எனக்கு முழங்கால் வலித்தது.

இவற்றை நான் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். முதல் வகை கூடவே வந்து தீருவது: ஈரம் மழையோடு வருவது, குளிர் பனியோடு வருவது. உனக்குப் பக்கத்திலேயே, எல்லைக்கு அந்தப் புறம் வெர்மான்ட் மாநிலத்தில், வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தாராம். 1885-இல் ஒரு தனிப் பனிப் படிகத்தை முதன்முதலாகப் படம் பிடித்தவர் அவர். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களைப் பிடித்து வைத்தார். அவர் வேலை செய்தது கணப்பு இல்லாத கொட்டகையில். கணப்பு மூட்டினால் படிகம் உருகிவிடும். விரல் விறைத்தால்தான் படிகத்தின் ஆறு கிளையும் தெளிவாகத் தெரியும் அந்த அழகு கண்ணுக்குக் கிடைக்கும். இந்த வகைச் சங்கடத்தைப் பற்றி நாம் புலம்பலாம், ஆனால் கோபப்பட முடியாது. அதே மனிதர் 1931 டிசம்பரில் ஒரு பனிப்புயலில் நடந்து வீடு திரும்பி, நிமோனியா கண்டு இறந்துபோனார். அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாவது வகை, மனிதர் செய்து வைத்தது. கால் மணி நேர மழைக்கே எங்கள் தெருமுனையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்றால், அதை மழையின் மீது போடலாமா? வாறுகாலைத் தூர்வாரச் சொல்லி எழுதிக் கொடுத்த மனுவுக்குப் பதிலே இல்லை. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை ஆடியில் மூடுவதாகச் சொன்னவர்கள் இன்றுவரை மூடவில்லை, அதில் மழைத் தண்ணீர் நிரம்பிப் பள்ளம் எது பாதை எது என்று தெரியாமல் பள்ளிப் பிள்ளைகள் விழுந்து எழுகிறார்கள். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரிந்து வயலுக்குப் போகிற நெல்லைக் கால்வாய் டவுணைத் தாண்டுவதற்குள் குப்பையும் சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாக மூச்சு முட்டிப்போகிறது. ஆற்றின் மேல் எட்டு அணைக்கட்டுகளைக் கட்டி, சொட்டுத் தண்ணீரும் வீணாகாமல் வயலுக்குக் கொண்டுபோன ஊர் இது. இங்கே மழையைக் கண்டால் ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள் என்றால் அந்த வெட்கம் மழைக்கு உரியதல்ல. இதைச் சொன்னால் மகன் சிரிக்கிறான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் இந்த இரண்டு வகையிலும் அடங்காத ஒன்றும் உண்டு, கோமதி. 2023 டிசம்பர் 17-ஆம் தேதியைப் பற்றி உன்னிடம் தொலைபேசியில் பேசினேனே தவிர, முழுவதும் சொன்னதில்லை. மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் போட்ட கோலம் போட்ட மாத்திரத்தில் கரைந்தது. அன்று காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை. உன் கணக்கில் சொன்னால் உனக்குப் புரியும்: ஒரு சென்டிமீட்டர் மழை ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் பனிக்குச் சமம் என்று நீதானே எழுதினாய்? அப்படியானால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஒன்பதரை மீட்டர் பனி. மாண்ட்ரியலில் ஒரு பனிக்காலம் முழுவதும் விழுவது இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும் என்றால், நாலு பனிக்காலத்துக்கு மேற்பட்ட பனி ஒரு பகல், ஓர் இரவில். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் வண்டி சுமார் 800 பேரோடு நின்றுபோனதை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. அங்கணத்துத் துவாரத்தில் குமிழி விட்டுக்கொண்டு மேலே ஏறியது. வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி திரும்பிப் பார்த்தபோது அடுக்களையில் கணுக்கால் அளவு நின்றது. அரிசி டிரம்மையும் கேஸ் சிலிண்டரையும் மச்சுக்கு ஏற்றினோம். பெரியம்மையை நாற்காலியோடு தூக்கினோம். இரவெல்லாம் படியில் உட்கார்ந்து டார்ச் அடித்து, எத்தனையாவது படி முழுகியது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதும் ஓட்டின் மேல் அதே சத்தம்தான், நான் ஆயுள் முழுவதும் ஆசையோடு கேட்ட அதே சத்தம். வடிந்த பிறகு வண்டல் வாடை போக மாசி ஆகிவிட்டது. அம்மாவின் கல்யாணப் படம் போயிற்று. நீயும் நானும் கல்லூரி வாசலில் எடுத்துக்கொண்ட படமும் போயிற்று. உன்னிடம் பிரதி இருந்தால் அனுப்பு.

1998 ஜனவரியில் உறைமழை பெய்து, கம்பியில் ஐஸ் கட்டிய பாரத்தில் மின்கோபுரங்கள் மடிந்து விழுந்து, கியூபெக்கில் முப்பது லட்சம் பேருக்கு மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது, மரக்கிளைகள் எல்லாம் கண்ணாடி பூண்டு வெயிலில் மின்னின, அவ்வளவு அழகு, அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது என்று நீ எழுதியிருந்தாய். கைக்குழந்தையோடு பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கியிருந்தாய். அந்தக் கடிதத்தை அன்று நான் சரியாக வாங்கிக்கொள்ள வழியில்லை. இன்று அது எனக்கு வரி வரியாக விளங்குகிறது.

அந்த வெள்ளத்துக்கு அடுத்த ஐப்பசியில் முதல் இடி இடித்தபோது என் கண் தானாக அங்கணத்தின் பக்கம் போயிற்று. ஆனாலும் மழை விழுந்ததும் தார்சாவுக்குத்தான் போனேன். பயம் வந்து சேர்ந்துகொண்டது. ஆசை இடத்தை விட்டு எழுந்து போகவில்லை. இரண்டும் ஒரே வளவில் குடியிருக்கிற ஓரகத்திகளைப் போல முறைத்துக்கொண்டே இருக்கின்றன.

பிறகு ஏன் சம்மதித்தேன் என்று கேட்பாய். போன மாதம் ஆற்றில் தண்ணீர் ஏறியபோது குறுக்குத்துறை முருகன் கோவிலுக்குப் போயிருந்தேன். வெள்ளம் வருகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள் அல்லவா? ஆற்றுக்கு நடுவே பாறையில் இருக்கிற மூலவரை வெள்ளம் மூடிக்கொண்டு போகும். வடிந்ததும் கழுவிவிட்டு, உற்சவரைத் திரும்பக் கொண்டுவந்து பூஜையைத் தொடங்குவார்கள். நாம் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் அன்று கரையில் நின்றபோது, ஆற்றை விட்டு மேலே ஏறுவதை இந்த ஊரில் யாரும் ஆற்றின் மீது பிரியம் இல்லாத செயலாக நினைத்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. படி ஏற முடியாத பெரியம்மையை வைத்துக்கொண்டு, இன்னொரு மார்கழி இரவில் மச்சுப் படியை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை. என் ஆசைக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

பெருமாள்புரத்து வீடு மாடி வீடு. ஓடு இல்லை, முற்றம் இல்லை. மழைச் சத்தம் ஜன்னலைத் திறந்தால்தான் கேட்கும். அதற்காக மொட்டைமாடியில் ஒரு பக்கம் தகரச் சாய்ப்பு இறக்கித் தர வேண்டும் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். செலவைப் பற்றி முனகினான், பிறகு ஒப்புக்கொண்டான். இந்த வீட்டை விற்கவில்லை. வாடகைக்கும் விடப்போவதில்லை, வெள்ளம் வரும் என்று தெரிந்த வீட்டில் இன்னொருவரைக் குடிவைக்க மனம் ஒப்பவில்லை.

அண்ணன் சொல்கிற அந்த அடுக்குமாடி வீட்டை நீ பிடிவாதமாக வேண்டாம் என்கிறாயாம். உனக்குப் பனி பிடிக்கும் என்பதற்காக அறுபது வயதுக்கு மேல் அவர் ஏன் மண்வெட்டி பிடிக்க வேண்டும்? பனியை அள்ளுவதற்கு ஆள் இருக்கிற இடத்துக்குப் போ. போய்ப் பார்க்கும்போது ஜன்னல் தெருவைப் பார்த்ததா, மரத்தைப் பார்த்ததா என்று மட்டும் கவனமாகப் பார்த்து எடு, அதில் விட்டுக்கொடுக்காதே. வாசல்படியில் உப்புத் தூவாமல் வெளியே காலை வைக்காதே, அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஐஸைப் பற்றி நீ எழுதியது எனக்குப் பெரியம்மை விழுந்த கல்லைத்தான் நினைவுபடுத்தியது.

பால் காய்ச்சும் நாள் முடிவானதும் எழுதுகிறேன். டவுண் மதினி அந்தத் தேக்குத் தொட்டிலை உன் மகளுக்குக் கொடுப்பதா, இங்கேயே வைத்திருப்பதா என்று கேட்கச் சொன்னாள். மச்சில் இருந்ததால் அது தப்பித்தது. பதில் உடனே போடு, சாமான் கட்டுவதற்குள் தெரிய வேண்டும்.

பிரியமுடன்,
காந்திமதி