செயலாளர் அறிக்கை 2025: கடல் இல்லாத ஊரின் தூண்டில் சங்கம்

எல்லோருக்கும் வணக்கமுங்க. போன வருஷம் நான் அறிக்கை வாசித்து முடிப்பதற்குள் பிரியாணி ஆறிப்போய்விட்டது என்று பலமாகக் குறை வந்தது. அதனால் இந்த முறை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புகிறேன். படித்துவிட்டு வந்தால் பொதுக்குழுவில் நேராகக் கணக்குக்குப் போய், அங்கிருந்து இலைக்குப் போய்விடலாம். படிக்காமல் வந்து கேள்வி கேட்பவர்களுக்கு முதல் பந்தி கிடையாது.

உறுப்பினர்கள் 41 பேர், சந்தா கட்டியவர்கள் 33. மீதி எட்டில் மூன்று பேருக்கு வேர் வாடல் நோயில் தென்னந்தோப்பே போய்விட்டது, அவர்களிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மற்ற ஐந்து பேர் யாரென்று அவர்களுக்கே தெரியும்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு தம்பிகளும் சேரும்போதே கேட்டது, பொள்ளாச்சியில் இருந்துகொண்டு கடலில் மீன் பிடிக்க ஒரு சங்கமா என்றுதான். சங்கத்தைத் தொடங்கிய நம் பெரியவர் இதற்கு வைத்திருக்கும் பதிலை எழுதி வைத்துவிடுகிறேன், அடுத்த செயலாளருக்கும் உதவும். நம் ஆழியாறு கிழக்கே போகிற ஆறு இல்லை. அணையில் தேக்கி வாய்க்காலில் திருப்பியது போக மிச்சத் தண்ணீர் ஆனைமலை ஊரைத் தாண்டி மேற்கே கேரளத்துக்குள் இறங்கி, சித்தூர்ப் புழையில் கலந்து, பறளிக்குப் பக்கத்தில் பாரதப்புழையாகி, பொன்னானியில் கடலில் விழுகிறது. "நம்ம தண்ணி போய்ச் சேர்ற எடத்துக்கு நாமும் போறம், அதுல என்ன தப்பு?" என்பார். சுமார் 130 கிலோமீட்டர், விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குத் தூண்டில் தண்ணீரில் இருக்கும்.

இந்த ஆண்டு ஐந்து பயணம் திட்டமிட்டோம், மூன்று நடந்தது. பிப்ரவரிப் பயணம்தான் பயணம். முகத்துவாரத்துக்கு உள்ளே, வற்றம் (இறங்கும் தண்ணீர்) நின்று ஓதம் (ஏறும் தண்ணீர்) திரும்புகிற அந்த அரை மணி நேரத்தில், ஆனைமலையிலிருந்து வரும் டீச்சரம்மாவின் தூண்டில் கோல் வளைந்து நின்றது. உயிர் இறாலைக் கோத்துத் தூணோரம் விட்டிருந்தார். பதினைந்து நிமிஷப் போராட்டம். இரண்டு முறை தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது, இரண்டு முறையும் முள் கழன்றுவிட்டது என்றே நினைத்தோம். ஆறு கிலோவைத் தாண்டிய கொடுவா. கண் இருட்டில் பூனைக் கண்ணைப் போல் மின்னியது. எடை பார்த்து, ஒரு படம் எடுத்து, வாலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து மூச்சு வரவைத்துத் தண்ணீரில் விட்டுவிட்டார். கூட வந்தவர்களில் ஒருவருக்கு இன்னும் அந்த ஆற்றாமை தீரவில்லை, வீட்டில் மசாலா அரைத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாராம். அவருக்காக மறுபடியும் சொல்கிறேன்: கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரியதெல்லாம் முட்டை போடுகிற தாய். கலவா இதற்கு நேர் எதிர், பெண்ணாகத் தொடங்கிப் பெருத்த பிறகு ஆணாகும். எதுவானாலும் பெரியதைப் பிடித்தால் விடுவது நம் வழக்கம், குழம்புக்கு நடுத்தர அளவே ருசி. பொடி மீனுக்குக் கேரளச் சட்டமே அளவு வைத்திருக்கிறது, மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14.

மே கடைசிப் பயணம் ரத்து. பணம் கட்டியவர்கள் என்மேல் கோபப்பட்டார்கள், அதனால் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இறங்கும் பருவமழை 2025-ல் எட்டு நாள் முந்திக்கொண்டு மே 24-லேயே இறங்கியது. மறுநாள் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் அறுநூற்றுச் சொச்சம் கன்டெய்னர்களோடு மூழ்கியது. அவ்வளவு பெரிய இரும்புக் கப்பலையே முழுங்கிய கடலில் பதினாலு அடிப் படகை வைத்துக்கொண்டு நமக்கு என்ன வேலை? அதே மாதத்தில் தூத்துக்குடிப் பக்கமாவது போகலாமே என்று இருவர் கேட்டார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப் படகில் போகலாமே என்கிறார்கள். உண்மைதான், போகலாம். ஆனால் பிழைப்புக்குப் பிடிப்பவனே படகைக் கரையேற்றிவிட்டு வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நாளில், பொழுதுபோக்குக்குப் பிடிக்கிற நாம் கோலைத் தூக்கிக்கொண்டு அந்த ஊரில் போய் இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. செயலாளராக இருக்கும்வரை இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆடி மாதத்துக்குத் தனியாக அறிவிப்பு வேண்டியதில்லை. உடுமலை ரோட்டில் காற்றாலைக் காத்தாடிகளைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து அவற்றைச் சுற்றுகிற காற்று அரபிக்கடலில் புறப்பட்ட அதே காற்றுதான். இங்கே இறக்கை வெறிபிடித்துச் சுற்றினால் அங்கே சின்னப் படகுக்கு இடமில்லை. வானிலை அறிக்கையும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் பார்க்காமல் யாரும் கிளம்பக்கூடாது, அது வேறு. கள்ளக்கடல் என்பது பேருக்கேற்ற மாதிரியே வரும். எங்கோ தெற்கே இந்துமாக்கடலில் புயலடித்துப் புறப்பட்ட அலை, இங்கே காற்றே இல்லாத வெயில் நாளில் வந்து கரையேறும். அன்றைக்குக் காத்தாடியைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் பயணம் சுமார். மடவையும் கிழங்கானும் ஒரு கூடை, ஒருவருக்குக் கையில் கெளுத்தி முள் குத்தி வீங்கியது, அவ்வளவுதான். டிசம்பரில் தூத்துக்குடி போக இருந்தது மழையால் நின்றது.

அக்டோபர் பயணத்தை நான் மறக்க நினைக்கிறேன், நீங்கள் விடமாட்டீர்கள். திரும்பி வரும்போது கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி இராத்திரி பதினொரு மணிக்குப் பின்னாலிருந்து தீய்ந்த வாடை. இறங்கிப் பார்த்தால் படகை ஏற்றி இழுத்துவரும் வண்டியின் இடது சக்கரத்தில் புகை. டீக்கடை அடைத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் விளக்கைப் போட்டுக் கொடுத்து, ஜாக்கியும் கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றினால் பேரிங்குக்குள் கிரீஸே இல்லை, மோர் மாதிரி வெள்ளையாக ஏதோ வழிந்தது. காரணம் எளிமையானது. மூன்று மணி நேரம் ஓடிச் சூடான சக்கரத்தை, படகை இறக்கும் அவசரத்தில் அப்படியே உப்புத் தண்ணீரில் முக்கிவிட்டோம். சூடாக இருந்தது சட்டெனக் குளிரும்போது உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இனிமேல் கரைக்குப் போனதும் முதலில் டீ. அரை மணி நேரம் கழித்து, தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால் மட்டும் படகை இறக்குவது. டீ குடிப்பதைச் சங்க விதியாக்குவதை யாரும் எதிர்க்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இனி இந்த ஆண்டின் பெரிய செய்தி. பெரியவர் தன் படகைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். பேரைப் போட்டு எழுதக்கூடாது, மாலை போடக்கூடாது, படம் மாட்டக்கூடாது என்று மூன்று கட்டளை. ஆனால் அவருடைய படகுகளைப் பற்றி எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

முதல் படகு பரிசல். ஆழியாறு அணை 1962-ல் முடிந்து தண்ணீர் நின்றபோது அவர் பள்ளிக்கூடப் பையன். மூங்கில் பிளாச்சில் பின்னித் தார் பூசிய பரிசல் ஒன்றை, அப்பச்சிக்குத் தெரியாமல் யாரிடமோ தேங்காய் கொடுத்து வாங்கினாராம். ஒரு வருஷம் வட்டமடிக்க மட்டுமே கற்றுக்கொண்டேன், நேராகப் போக இரண்டாவது வருஷம் ஆனது என்பார். இரண்டாவது, கல்யாணத்துக்குப் பிறகு, பொன்னானிப் பக்கத்து ஆசாரி ஒருவர் செய்த பிளைவுட் படகு. அதை டெம்போவில் ஏற்றி வரும்போது செக்போஸ்ட்டில் நிறுத்தி, இங்கிருந்து தேங்காய் லோடு அந்தப் பக்கம் போவதுதான் வழக்கம், இதென்ன அங்கிருந்து படகு இந்தப் பக்கம் வருகிறது என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு அவர் உண்மையைச் சொன்னார், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. பத்து வருஷம் ஓடியது, பிறகு அடிப்பலகைக்குள் தண்ணீர் இறங்கி அடுக்கடுக்காகப் பிரிந்து வந்தது. மூன்றாவது பதினெட்டு அடி ஃபைபர் வள்ளம், பொன்னானிக்காரர் ஒருவரோடு பாதிப் பங்கு. வஞ்சிரத்தை அவர்கள் அயக்கூறை என்பார்கள். பேர் வேறானாலும் விலைக்குச் சண்டை வந்ததில்லை, பங்காளியிடம் வராத நம்பிக்கை அந்தப் பொன்னானிக்காரரிடம் வந்தது என்று இன்றும் சொல்வார். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பங்கை விற்றார். அதன் பிறகு ஆறேழு வருஷம் படகே இல்லை. அந்த வருஷங்களைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான்காவது இப்போது நம்மிடம் இருப்பது. பதினாலு அடி ஃபைபர், 15 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். அவருடைய தோட்டத்துச் சாளை வீட்டில் கொப்பரைச் சாக்குகளுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் இருந்தது. முட்டி இரண்டும் போய்விட்டது, படகில் கால் தூக்கி வைக்க முடியவில்லை என்று ஏப்ரலில் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். விலை பேசலாம் என்றேன். "ஒரு ரூவா குடு கண்ணு, சும்மா குடுத்தா சும்மாத்தான் வெச்சிருப்பீங்க" என்றார். ஒரு ரூபாய் கொடுத்தேன், வவுச்சர் இருக்கிறது.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கடலுக்குப் போய் வந்த அன்றைக்கே, எத்தனை மணியானாலும், எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டிவிட்டுத்தான் படுக்க வேண்டும். அவர் செய்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுச் சாமத்தில் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள், நாய் குலைக்கும், நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சின் காலை அதில் இறக்கி, பத்து நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் தலைக்குக் கீழே சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வர வேண்டும். "ஏங் கண்ணு, எஞ்சினு ஒண்ணுக்குப் போவுதான்னு பாத்தியா?" என்று கேட்பார். அந்தத் தாரை மெலிந்தால் உள்ளே உப்புக் கட்டுகிறது என்று அர்த்தம், அல்லது தண்ணீரை இறைக்கிற இம்பெல்லரின் ரப்பர் இறக்கை ஒடிந்திருக்கிறது.

இப்போது என் தவறு. அக்டோபரில் சக்கரம் போய், வீடு வந்து சேர இரண்டரை மணி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் மில்லுக்கு ஓடினேன், அப்புறம் தீபாவளி, அப்புறம் சம்பந்தி வீட்டில் விசேஷம். மூன்று வாரம் கழித்து எஞ்சினைப் போட்டால் தாரை இல்லை, இரண்டு நிமிஷத்தில் அலறியது. மெக்கானிக் பிரித்துக் காட்டினார், தண்ணீர் போகிற பாதை முழுக்க உப்பு, பல் இடுக்கில் காரை படிந்த மாதிரி. செலவு 14,200. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. "ம்" என்றார், காபி கொண்டுவரச் சொன்னார். பதினோரு வருஷம் அவர் கையில் ஒரு நாள் நிற்காத எஞ்சின், என் கையில் ஆறு மாதம் தாங்கவில்லை.

சிலர் இன்னொரு படகு வாங்கலாம், சந்தாவை ஏற்றலாம் என்று கடிதம் கொடுத்திருக்கிறீர்கள். செயற்குழுவில் வைத்தேன், என் கருத்தைக் கேட்டால் வேண்டாம். கிணற்று மோட்டாரே கெட்டால்தான் திரும்பிப் பார்க்கிற ஆட்கள் நாம். உப்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. இந்த ஒன்றை இரண்டு வருஷம் ஒழுங்காக வைத்திருப்போம், பிறகு பேசுவோம். நம் படகை முகத்துவாரத்துக்கு உள்ளேயே ஓட்டுவது, கடலுக்குள் போவதானால் உள்ளூர்க்காரர் வள்ளத்தில் அவர் சொல்படி போவது என்ற பழைய விதியும் அப்படியே இருக்கிறது. வற்றத் தண்ணீர் வெளியே பாயும் நேரத்தில் கடலலை எதிரே வந்தால் அந்த மணல்திட்டு வாயில் அலை செங்குத்தாக எழுந்து நிற்கும். நீச்சல் தெரியும் என்பவர்களும் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டே ஆகவேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைப் படகின் உள்பக்கம் பெயின்டில் எழுதியாகிவிட்டது.

கணக்கு. ஆரம்ப இருப்பு 21,350, சந்தா 33,000, ஓர் உறுப்பினரின் நன்கொடை 10,000, ஆக 64,350. எஞ்சின் 14,200, சக்கரம் பேரிங் டயர் 6,800, லைஃப் ஜாக்கெட் எட்டு, ஒன்று 1,450 வீதம் 11,600, பயணச் செலவில் சங்கத்தின் பங்கு 5,300, மண்டபம், அச்சு, இதர வகை 3,900, ஆக 41,800. கையிருப்பு 22,550. படகுக்குக் கொடுத்த ஒரு ரூபாய் என் பாக்கெட்டிலிருந்து, கணக்கில் வராது. எஞ்சின் செலவில் பாதியை நானே ஏற்கிறேன் என்றேன், பொருளாளர் ஒப்புக்கொள்ளவில்லை, பொதுக்குழு முடிவு செய்யட்டும்.

படகு இப்போது என் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. நீல டிரம்மையும் பெரியவர் வீட்டிலிருந்து கொண்டுவந்துவிட்டேன். சாவி திண்ணைக் கதவுக்குப் பின்னால் ஆணியில், கூடவே ஒரு நோட்டு. எடுப்பவர் பேர், போன நாள், திரும்பிய மணி, டிரம்மில் ஓட்டிய மணி எல்லாம் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த முறை சாவி கிடையாது. நோட்டில் முதல் வரி அக்டோபர் பயணம், என் பேரில், கடைசிக் கட்டம் காலி. ஜனவரிப் பயணத்துக்கு இதுவரை ஐந்து பேர் பேர் கொடுத்திருக்கிறீர்கள், ஆறாவது ஆள் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்க.