மயில் உடுப்பும் உன் ஜிகினா சட்டையும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. முட்டிவலியோடு பாட்டு வகுப்பையும் விடாமல் நடத்துகிறாயே, கெட்டிக்காரன்தான். இங்கே கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். கட்டிங்குக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ குருநாதராக நினைக்கும் அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மயில் உடுப்புப் படங்களைப் பேத்தி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். 1974-இல் மேடையில் போட்டது. கழுத்திலிருந்து கால்வரை ஒரே துணியாக வெள்ளை உடுப்பு. நெஞ்சிலும் முதுகிலும் நீலமும் தங்கமுமாக மயில், கால் பக்கமெல்லாம் தோகை. பெல்ட்டின் வில்லைகள்கூட மயிற்கண் மாதிரி. கிரேஸ்லேண்ட் என்ற அவர் வீட்டு இசையறை வாசலிலும் வண்ணக் கண்ணாடி மயில்கள்தான். நம்மூர் முருகன் கோயில் கச்சேரிக்கு அப்படியே வந்திருக்கலாம்! 2008-இல் அந்த உடுப்பு மூன்று லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.

எனக்கு மயிலைவிட வெட்டுதான் பெரிதாகப் பட்டது. சட்டை வேறு, பேன்ட் வேறு என்றால் கையைத் தூக்கும்போது சட்டை மேலே ஏறி வழிவிடும். ஒரே துணியில் அது நடக்காது. முதுகு நீளத்தில் கொஞ்சம் தவறினாலும் கவட்டையில் இழுக்கும். லூஸ் விட்டால் பின்னால் பை மாதிரி தொங்கும். இந்த மனிதரோ மேடையிலேயே கராத்தே உதை உதைப்பவர். வடிவமைத்த பில் பெலூவுக்குக் கராத்தே உடைதான் முன்மாதிரியாம். துணி கேபர்டின் என்னும் நெருக்கமாக நெய்த கம்பளி, விழுந்தால் அழகாக விழும். காலரை அவ்வளவு உயரமாக நிறுத்தியது பார்ப்பவர் கண் முகத்துக்குப் போகத்தான். கெட்டிக்காரத் தையல்.

இன்னொன்று கேள். 1973 ஜனவரி 14, ஹவாயில் ஹொனலுலு கச்சேரிக்குக் கழுகு போட்ட உடுப்பு. அதோடு தரைவரை ஒரு மேலங்கியும் தைத்திருக்கிறார்கள். கனம் தாங்காமல் அதை ஒதுக்கிவிட்டு இடுப்பளவில் கல் பதித்து வேறொன்று தைத்தார்கள். அதையும் கச்சேரி முடிவில் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார் மனிதர். கல் பதித்தவன் வயிறு எரிந்திருக்காதா, சொல்.

என் வயிறு எரிந்தது உன்னால்தான். சித்திரைத் திருவிழாவில் நீ போட்ட வெள்ளி ஜிகினா சட்டை ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது பாட்டிலேயே கையைத் தூக்கினாய், அக்குள் பிரிந்தது. மிச்சக் கச்சேரி முழுக்க முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டே பாடினாய். ஜனங்கள் அதையும் ஸ்டைல் என்று கைதட்டினார்கள். அன்றைக்கு உன்னைத்தான் திட்டினேன். ஆனால் தப்பு என்னுடையது. கை வைக்கும் இடத்தில் ஒரு சதுரத் துண்டு கொடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சட்டை பெட்டியில் கிடக்கிறதா? கிடந்தால் அனுப்பு, துண்டு வைத்துத் தருகிறேன். வயிற்றுப் பக்கமும் கொஞ்சம் பிரித்துவிட வேண்டியிருக்கும், அளவை மறைக்காமல் எழுது.

உன்,
தையல்காரன்