நனைந்த நூல்களைக் காத்த நல்ல உள்ளங்களுக்கு

அன்பு நண்பர்களே,

நூலக வைப்பறையில் குழாய் உடைந்து தண்ணீர் புகுந்துவிட்டது என்று கேள்விப்பட்டதுமே ஓடி வந்தீர்கள். ஓடி வந்த வேகத்தில் அவசரப்படாமலும் இருந்தீர்களே, அதற்குத்தான் இந்த மடல்.

நனைந்த புத்தகத்தைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கலாம், வெயிலில் போடலாம் என்று தோன்றும். ஊறிய தாள் லேசாக இழுத்தாலே கிழிந்துவிடும். வெயிலில் காய்ந்தால் அட்டை வளைந்து தாளெல்லாம் நெளிந்துபோகும். சொன்னதைக் கேட்டு, ஒருவர்கூட ஒரு நூலையும் திறக்கவில்லை. மூடியபடியே கைமாற்றி மேலே ஏற்றினீர்கள்.

1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகி தேசிய நூலகத்துக்குள் பாய்ந்தபோது, பல நாட்டு இளைஞர்கள் இப்படித்தான் வரிசையில் நின்று சேற்றிலிருந்து நூல்களை மீட்டார்கள். நம் படிக்கட்டில் உங்களைப் பார்த்தபோது அவர்கள் நினைவுதான் வந்தது.

தம் குளிர்பதனக் கிடங்கில் இடம் கொடுத்த அன்பருக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடலாம். உறைய வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை; கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிதானமாக உலர்த்தலாம். வழவழப்புத் தாளில் அச்சான ஓவிய நூல்களை முதலில் அனுப்பச் சொன்னவர், ஓய்வுபெற்ற நூல் பாதுகாப்பு நிபுணரான அம்மையார். அந்தத் தாளின் மேல்பூச்சு நனைந்தபின் சும்மா காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. உறைந்த நிலையிலேயே வெற்றிடத்தில் உலர்த்தினால் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகிவிடும். அவர் சொல்லியிராவிட்டால் அந்த நூல்கள் நமக்கு இல்லை.

இரவெல்லாம் விழித்திருந்து, ஈரம் உறிஞ்சிய ஒற்றுத்தாள்களை மாற்றிக்கொண்டே இருந்த மாணவர்களே, மின்விசிறியைப் புத்தகங்கள் பக்கம் திருப்பாமல் சுவரைப் பார்த்து வைத்ததுவரை எல்லாம் சரியாகச் செய்தீர்கள்.

உங்களில் ஒருவர் செலோடேப் சுருளோடு வந்திருந்தார். அதன் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும் என்று அம்மையார் சொன்னதும் அதைப் பைக்குள் வைத்துவிட்டு, மெல்லிய ஜப்பானியத் தாளையும் கோதுமை மாவுச்சத்துப் பசையையும் கொண்டு கிழிசலை ஒட்டக் கற்றுக்கொண்டார். இந்தப் பசையை நாளைக்கு யாராவது எடுக்க நினைத்தால், கொஞ்சம் ஈரம் காட்டினால் போதும். நமக்குப் பின்னால் வரப்போகிற ஒரு பழுதுபார்ப்பவரை நினைத்துச் செய்கிற வேலை இது. அதை அத்தனை பொறுமையாகக் கற்றுக்கொண்டதற்குத் தனி நன்றி.

பழைய செய்தித்தாள் தொகுப்புகள் சிலவற்றைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது.

கிடங்கில் இன்னும் பெட்டிகள் இருக்கின்றன. அடுத்தவற்றை வெளியே எடுக்கும்போது சொல்லி அனுப்புகிறேன், முடிந்தவர்கள் வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் நூலகர்