வெனிஸோடு திரும்பிவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு பயணக் கட்டுரையில் வெனிஸைப் பற்றி அரைப்பக்கம் எழுதிவிட்டு, அதே வட்டாரத்தில் உள்ள, சிற்பி அந்தோனியோ கனோவாவின் சொந்த ஊரான பொசாஞ்ஞோவுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்குப் பெரிய குறை. 1757இல் அவர் பிறந்த வீடும், பக்கத்திலேயே 1830களில் அவருடைய தம்பி முறையான பாதிரியார் கட்டுவித்த கூடமும்தான் இன்று அருங்காட்சியகம்.

சரி, அங்கே என்ன இருக்கிறது? பளிங்கு குறைவு, இருப்பதெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டர் வார்ப்புகள். நகல்தானே என்று நினைத்துத்தான் நானும் உள்ளே போனேன். கிட்டே போய்ப் பார்த்தால் கன்னம், தோள், முழங்கால் என்று உடம்பெங்கும் அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்ன உலோக ஆணிகள். அந்தப் புள்ளிகளை அளந்துதான் உதவியாளர்கள் பளிங்கைக் கொத்தி உருவம் கொண்டுவருவார்களாம், கடைசி மெருகு மட்டும் கனோவாவின் கை. முடிந்த சிலையில் இந்த ரகசியம் தெரியவே தெரியாது.

முதல் உலகப் போரில் குண்டு விழுந்து பல வார்ப்புகள் உடைந்து, பிறகு ஒட்டவைத்திருக்கிறார்கள். அப்புறம் 1950களில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா சேர்த்த பகுதி. மேல் மூலைகளை வெட்டிக் கண்ணாடி வைத்திருக்கிறார், வெயில் நகர நகரச் சிலைகளின் முகமே மாறுகிறது.

2020இல் ஒரு சுற்றுலாப் பயணி போட்டோவுக்காக நெப்போலியனின் தங்கை பவுலினாவின் சிலைமேல் உட்கார்ந்து கால்விரல்களை உடைத்த கூத்தும் இங்கேதான். போகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நின்றே படம் எடுங்கள்!

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்