கூட்டத்தை எண்ணியது போதும், கல்லாவையும் எண்ணுங்கள்

எங்கள் வட்டாரத்தில் வீதி விழா நடத்துவோருக்கும் அதற்கு அனுமதி கொடுப்போருக்கும்,

வணக்கம். சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு சந்துக்குள் 19 ஆண்டுகளாகப் பூவும் பூசைச் சாமானும் விற்று வருகிறேன். போன வாரம் கடைக்காரர்களைக் கூப்பிட்டு நீங்கள் நடத்திய கூட்டத்தில் நானும் இருந்தேன். தீபாவளி விழாவால் வட்டார வியாபாரம் செழித்தது என்று திரையில் காட்டினீர்கள். அதற்கு ஆதாரமாகச் சொன்னது எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டுமே. எங்கள் கடைகளில் எவ்வளவு விற்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. கையைத் தூக்கினேன். நேரமாகிவிட்டது என்றீர்கள். அதனால்தான் இந்த மடல்.

விழாச் சந்தைக்காகத் தெருவை எப்போது மூடினீர்கள், கொட்டகை எங்கே போட்டீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அந்தக் கொட்டகையின் முதுகுப்பக்கம்தான் நான்கு வாரமும் என் கடைக்கு எதிரே நின்றது. தார்ப்பாய்க்கும் என் வாசலுக்கும் நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. லாரி உள்ளே வராததால் பூப்பெட்டிகளைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். தள்ளுவண்டியும் நுழையவில்லை. நானும் கடைப்பையனும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தோம். கடைசிப் பெட்டி வந்து சேர்வதற்குள் மல்லிகை வாடத் தொடங்கியிருக்கும்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, 2025 அக்டோபர் 18. மாலை 5 மணியிலிருந்து 9 மணிவரை கடைக்குள் வந்தவர்களை என் மகள் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். 63 பேர். வாங்கியவர்கள் 22 பேர். மற்றவர்கள் கழிப்பறை எங்கே, எம்ஆர்டி ரயிலுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சந்தை இல்லாத சாதாரண சனிக்கிழமையிலும் அந்த நேரத்தில் 20 பேருக்குக் குறையாமல் வாங்குவார்கள். உங்கள் கணக்கில் இந்த 63 பேரும் விழாவின் வெற்றி.

தீவின் வடக்கே இருக்கும் ஈஷூனிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அம்மா வருவார். கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். 2 முழம் மல்லி, ஒரு கட்டு வெற்றிலை, கொஞ்சம் துளசி. சந்தை தொடங்கிய வாரம் போன் செய்தார். “தம்பி, இந்தக் கூட்டத்துக்குள்ள என்னால நுழைய முடியாது. முடிஞ்ச பிறகு வர்றேன்” என்றார். சந்தை முடிந்தது. அவர் வரவில்லை. வீட்டுப் புளோக்குக்குக் கீழேயே பூ கிடைக்கிறதாம், பழகிவிட்டதாம். அவர்மீது குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இப்படி வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர்களை நம்பித்தான் நான் வாடகை கட்டுகிறேன். இந்த இழப்பு உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

விழாவில் புழங்கிய பணம் முழுவதும் வட்டாரத்துக்குப் புதிதாக வந்த பணம் ஆகிவிடாது. என்னிடம் வாங்க வேண்டிய அகல்விளக்கை எதிர்க் கொட்டகையில் வாங்கினால் பணம் கை மாறியது, அவ்வளவுதான். கொட்டகைக்காரர் நான்கு வாரத்தில் மூட்டை கட்டும்போது அந்தப் பணமும் அவரோடு போய்விடும். அடுத்த மாதம் வாங்க இருந்ததை முன்கூட்டியே வாங்கியவர்களும் உண்டு. இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பலன்.

அப்புறம், 2024 அக்டோபரையும் 2025 அக்டோபரையும் ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. பண்டிகையிலிருந்து பின்னோக்கி வாரம் வாரமாக எண்ணினால்தான் சரியாக வரும். பொருள் சேவை வரிக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் போதாது. ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டினால்தான் அதற்குப் பதிவு கட்டாயம். என்னைப் போன்ற பல சின்னக் கடைகள் அந்தக் கணக்கிலேயே வராது.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் நல்ல வியாபாரம் என்றார்கள். சந்தோஷம், அதையும் எழுதுங்கள். தையற்கடை, பூக்கடை, மளிகைக்கடை என்று தனித்தனியாக எழுதுங்கள்.

வாடகை ஏறிக்கொண்டே போகிறது. வெளிநாட்டு ஊழியரை வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்குத் தீர்வை கட்டுகிறோம். வார இறுதியானால் பாதிச் சனம் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய்விடுகிறது. அங்கே போகும் ஆர்டிஎஸ் ரயிலும் வந்துவிட்டால் இன்னும் எத்தனை பேர் போவார்களோ. பாரம்பரியக் கடைகள் என்று விளம்பரத்தில் எங்கள் படத்தைப் போடுகிறீர்கள். அந்தக் கடைகளின் வாசலையே மறைத்து விழா எடுத்தால், படத்தில் இருப்பவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். விழா வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. விளக்கு போடும் முதல் நாள் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடந்தவன் நான். அடுத்த தீபாவளி 2026 நவம்பர் 8. அதற்கு முன்பே தெருவில் உள்ள நிரந்தரக் கடைகளின் விற்பனையைக் குறித்துக்கொள்ளத் தொடங்குங்கள். விழாவுக்கு நான்கு வாரம் முன்பு, விழா நடக்கும் வாரங்கள், முடிந்த பிறகு எட்டு வாரம். கடைப் பெயர் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற எண்ணை, நல்லதோ கெட்டதோ, எங்களுக்கும் காட்டுங்கள். அதன் பிறகு கொட்டகையை எந்தப் பக்கம் திருப்புவது என்று சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

என் மகள் கோடு போட்ட நோட்டு கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தயவுசெய்து ஒருமுறை கடைக்கு வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தேக்காவில் பூக்கடை வைத்திருப்பவன்