மூன்றாம் ஞாயிறு செய்திக்கு

அன்பு மகளே,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். பெங்களூரு லிங்கராஜபுரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அட்வெண்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம்) மூன்றாம் ஞாயிறு செய்தியை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்றாய். சந்தோஷத்துக்கென்று வைத்த ஞாயிறு அது. சில சபைகளில் அன்றைக்கு மட்டும் ரோஸ் நிற மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். போனில் சொல்லி முடிகிற காரியமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் பிலிப்பியர் 4:4-ஐ வாசித்து "சந்தோஷமாயிருங்கள்" என்று ஆரம்பிக்காதே. வேலை போன பையனும், இந்த வருஷம் புருஷனை அடக்கம்பண்ணிய அக்காவும் தங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணிக்கொள்வார்கள். காவலில் கட்டுண்டிருந்த பவுல் அதை எழுதுமுன் மூன்று அதிகாரம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசிவிட்டார். தேவன் செய்தது முதலில், நம் சந்தோஷம் அதன் பிறகு.

லூக்கா 2:10, 11-லிருந்து தொடங்கு. மிகுந்த சந்தோஷம், இரட்சகர், கிறிஸ்து, தாவீதின் ஊர் எல்லாம் அந்த இரண்டு வசனத்துக்குள்ளேயே இருக்கின்றன. "பிறந்திருக்கிறார்" என்று காரியம் முடிந்த பிறகுதான் மேய்ப்பர்களுக்குச் செய்தி வருகிறது. தாவீதின் வம்சத்தில் மேசியா வருவார் என்ற வாக்குத்தத்தத்துக்கு 2 சாமுவேல் 7:12, 13, மீகா 5:2 இரண்டும் போதும். பத்து வசனம் கொடுத்தால் பக்கம் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

எதிலிருந்து இரட்சிப்பு என்பதை மத்தேயு 1:21-ஐக் கொண்டு தெளிவாகச் சொல்: பாவங்களிலிருந்து. விசா கிடைப்பதையும் கடன் தீர்வதையும் இரட்சிப்பு என்று பேசிப் பழக்கிவிட்டால், அவை நடக்காத வருஷத்தில் மேசியாவே வரவில்லை என்றுதான் தோன்றும்.

பிறகு ஏசாயா 12:3, இரட்சிப்பின் ஊற்றுகளிலிருந்து மகிழ்ச்சியோடே தண்ணீர் மொள்ளுவது. யூதரின் கூடாரப்பண்டிகை நாட்களில் ஆசாரியர் எருசலேமின் சீலோவாம் குளத்தில் பொன் குடத்தால் தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். குடம் மூன்று லோக் அளவு, ஏறக்குறைய ஒரு லிட்டர். கோடை முழுக்க மழையில்லாமல் தொட்டிகள் வற்றிக் கிடக்கும் காலம் அது. காவேரித் தண்ணி வராமல் டேங்கருக்குக் காத்திருந்தவர்களுக்கு நீ விளக்கவே வேண்டாம். அந்தக் கொண்டாட்டத்தைக் காணாதவன் வாழ்நாளில் சந்தோஷத்தையே கண்டதில்லை என்று யூத ரபீமார் சொல்லிவைத்தார்கள். அதே பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று சத்தமிட்டார் (யோவான் 7:37).

பாதி நேரத்தை லூக்கா 7:18 முதல் 28 வரைக்கு வைத்துக்கொள். தாயின் வயிற்றிலேயே களிப்பாய்த் துள்ளிய யோவான் ஸ்நானகன் இப்போது சிறையில். "வருகிறவர் நீர்தானா?" என்று இரண்டு பேரை அனுப்பிக் கேட்கிறான். குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று இயேசு பதில் அனுப்புகிறார். ஏசாயா 35-ம் 61-ம் அதில் கேட்கிறது. ஆனால் 61:1-ல் கட்டுண்டவர்களுக்குக் கட்டவிழ்த்தல் என்றும் இருக்கிறது. பதிலில் அது இல்லை. யோவான் சிறையைவிட்டு உயிரோடு வரவுமில்லை, ஏரோது தலையை வெட்டுவித்தான். இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடாதே, சமாதானம் சொல்லி மூடிவிடவும் செய்யாதே. கேள்வி கேட்டதற்காக இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வந்தவர்கள் போன பிறகு அவனைவிடப் பெரிய தீர்க்கதரிசி இல்லை என்று ஜனங்களிடம் சொன்னார். அந்த அக்கா கேட்க வேண்டியது இதுதான்.

ஜெபத்துக்குச் சங்கீதம் 51:12-ஐ எடு. இழந்த சந்தோஷத்தைத் திரும்பத் தாரும் என்று தாவீதே கேட்டான். நாமும் வெட்கமில்லாமல் கேட்கலாம். முடிந்ததும் யாரையும் பேர் சொல்லிச் சாட்சி சொல்ல எழுப்பாதே. மெழுகுவர்த்தியை அக்கா ஏற்றினால் நல்லது, ஆனால் முதல் நாளே தனியாகப் போய்க் கேள், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே. மொத்தம் இருபது நிமிஷத்துக்கு மேல் போக வேண்டாம், சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள்.

அம்மா