அணுவிசை நுண்ணோக்கியில் அளவீட்டுப் பிழை: புகார்

அனுப்புநர்:
உயிர் இயற்பியல் ஆய்வகம், சென்னை

பெறுநர்:
மேலாளர், சர்வீஸ் பிரிவு

பொருள்: மென்பொருளைப் புதுப்பித்த பிறகு செல் அளவீடுகளில் வரும் பிழை

ஐயா,

வணக்கம். மார்ச் மாதம் உங்கள் பொறியாளர் வந்து எங்கள் அணுவிசை நுண்ணோக்கியின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் செல்களின் பிசுக்குத்தன்மை கூடிவிட்டதாகக் கருவி காட்டுகிறது. செல்களில் எந்த மாற்றமும் இல்லை. கருவிதான் தவறாகச் சொல்கிறது.

நாங்கள் அளப்பது ஏ549 என்ற மனித நுரையீரல் செல்களை. 37 டிகிரி செல்சியஸில் வைத்த டிஷ்ஷில், 5 மைக்ரான் உருண்டை மணி ஒட்டிய கான்டிலீவரால் (விசைக்கேற்ப வளையும் மெல்லிய பட்டை) செல்லை மெல்ல அழுத்தி, அதே இடத்தில் 50 நானோமீட்டர் வீச்சில் 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஆட்டுகிறோம். வெறும் ரப்பராக இருந்தால் விசையும் அழுத்த ஆழமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். தேனாக இருந்தால் விசை கால் சுற்று, அதாவது 90 டிகிரி, முந்தும். உயிருள்ள செல் இரண்டுக்கும் இடைப்பட்டது. அது எத்தனை டிகிரி முந்துகிறது என்பதில்தான் எங்கள் வேலை முழுக்க அடங்கியிருக்கிறது.

சந்தேகம் வந்ததும் என் மாணவி செல்லை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடித் தகட்டை வைத்து அளந்து பார்த்தார். கண்ணாடி இந்த மணிக்கு அசைந்தே கொடுக்காது, அதனால் கான்டிலீவரின் வளைவுக்கும் உயரத்துக்கும் இடையே டிகிரி வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். 10 ஹெர்ட்ஸில் 0.7 டிகிரி, 50-இல் 3.6, 100-இல் 7.2 என்று வந்தது. போனில் சொன்னபோது, "திரவத்தின் இழுவையாக இருக்கும், திருத்திக்கொள்ளுங்கள்" என்றார்கள். சரி என்று திரவமே இல்லாமல், காய்ந்த தகட்டில், காற்றிலேயே அளந்தோம். அதே 7.2.

அதிர்வெண்ணோடு நேர்கோட்டில் ஏறுகிறது என்றால் அது நேரத் தாமதம். 100 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி, 7.2 டிகிரி அதில் ஐம்பதில் ஒரு பங்கு, 0.2 மில்லிவினாடி. உயரத்தைக் காட்டும் சென்சாரின் சிக்னல் மட்டும் அவ்வளவு தாமதமாகப் பதிவாகிறது. இரைச்சலைக் குறைக்கப் புதிய மென்பொருளில் ஏதோ வடிகட்டி சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். கான்டிலீவர் வளைவின் சிக்னலுக்கு அதைப் போடவில்லை போலிருக்கிறது.

இது சின்ன விஷயமில்லை. உயிருள்ள செல்லிலும் அதிர்வெண் ஏற ஏறப் பிசுக்குப் பங்கு கூடத்தான் செய்யும். 2003-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் இதே நுரையீரல் செல்களில் 0.1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை இப்படி அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் தாமதமும் அதே திசையில் ஏறுவதால், வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரிகிறது. தாறுமாறாக வந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். இப்போது நான்கு மாத அளவீடு வீண். மருந்து கொடுத்த செல்லையும் கொடுக்காத செல்லையும் ஒப்பிட்டு என் மாணவி எழுதிய ஆய்வேட்டின் ஒரு அத்தியாயம் முழுவதையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். இரவு பதினொரு மணி வரை இன்குபேட்டருக்கும் கருவிக்கும் நடந்து எடுத்த அளவீடுகள் அவை.

ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணம் ஒவ்வொரு ஆண்டும் தவறாமல் கட்டுகிறோம். எந்தச் சிக்னலுக்கு என்ன வடிகட்டி, எவ்வளவு தாமதம் என்பதை எழுத்தில் தாருங்கள். அது இருந்தால் பழைய கோப்புகளைத் திருத்திக் காப்பாற்ற முடியும். பழைய மென்பொருளை 15 நாட்களுக்குள் திரும்ப நிறுவுங்கள், இல்லையென்றால் இரண்டு சிக்னலுக்கும் ஒரே தாமதம் வரும்படி சரிசெய்யுங்கள். வரும் பொறியாளர் எங்கள் முன்னால் கண்ணாடித் தகட்டில் 1 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அளந்து காட்டிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அப்புறம், இதே மென்பொருளைப் போட்டுக்கொடுத்த மற்ற ஆய்வகங்களுக்கும் இந்த வாரமே தெரிவியுங்கள். அவர்களுக்கு இது இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

கண்ணாடியிலும் காற்றிலும் எடுத்த மூலக் கோப்புகளை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்